அணையாத கீசர்

குளியலறைக் கதவின் கீழிடுக்கு வழியாக வெந்நீராவி கசிந்து வந்து என் கால்விரல்களைத் தொட்ட அந்த மார்கழிக் காலை இன்னும் என் உடம்பில் இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்பது வயது. மந்தைவெளியில் ஒரு மாடிப் "போர்ஷனில்" குடியிருந்தோம். டைஃபாய்டில் இளைத்துப்போயிருந்த அப்பா வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சூடாகாமல் கிடந்த "கீசரை" முந்தின நாள்தான் தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அம்மா சரிசெய்ய வைத்திருந்தாள்.

அப்பா உள்ளே முக்காலியில் உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார். கீசரின் சிவப்பு விளக்கு கதவுக்கு மேலிருந்த கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே தெரியும். தண்ணீர் காய்ந்ததும் தானாக அணைந்துவிடுவது, அன்று அணையவே இல்லை. தொட்டிக்குள் உலை கொதிக்கும் சத்தம் கேட்டதும் அம்மா வெளியிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள். "குழாயைத் தொடாதீங்க, எழுந்து வெளிய வாங்க" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னபோது, அந்தக் குரல் அழுகையாக மாறிவிடுமோ என்று பயந்து அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பாவின் முன்கை சிவந்திருந்தது. குழாயைத் திறந்ததும் ஆவி சீறியதாம்.

தொட்டி ஆறியபின் மெயினையும் அணைத்துவிட்டு அம்மா கீசரின் மூடியைக் கழற்றினாள். பழுப்பேறிய ஒயர்களுக்கு நடுவே ஒரு புதுத் துண்டு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. எலக்ட்ரீஷியனை வரவழைத்து அது என்னவென்று கேட்டாள். முதலில் மழுப்பியவர், சூடு போதுமானதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் கெட்டிருந்ததாகவும், அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைத்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

"சூடு வந்தா போதும்னு சொன்னீங்க, அதான் டைரக்ட்டா குட்த்துட்டேன்" என்றார்.

"சூடானதும் நிக்கணும்னு தனியாச் சொல்லணுமா?" என்றாள் அம்மா.

புது தெர்மோஸ்டாட்டை அவளே தி.நகர் போய் வாங்கி வந்தாள். அதை மாட்டிய பிறகும் அவரைப் போகவிடவில்லை. "டிக்" என்ற சத்தத்தோடு விளக்கு அணையும்வரை அம்மாவும் அவரும் நானும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். அப்படியும் அந்தக் குளிர்காலம் முழுக்க அப்பா அடுப்பில் காய்ச்சிய தண்ணீரில்தான் குளித்தார், நாங்களும் வற்புறுத்தவில்லை.

அந்த வீட்டை இடித்து அடுக்ககம் கட்டிவிட்டார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. திருவான்மியூரில் என் வீட்டுக்கு எதையாவது பழுதுபார்க்க ஆள் வந்தால், வேலை முடியும்வரை அவர் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறேன். என் மகளுக்கு இது சங்கடமாக இருக்கிறது. நம்பவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள் என்கிறாள். நினைக்கட்டும்.