முதுகுகளுக்குப் பின்னால் போர்ட்டோ

நடந்து ஊர் பார்க்கும் கூட்டத்தில் வழிகாட்டி கட்டடங்களைப் பார்த்து நடப்பார், சனம் வழிகாட்டியைப் பார்த்து நடக்கும், கடைசியாக வருகிறவன் மட்டும் முதுகுகளைப் பார்த்து நடப்பான். அந்தக் கடைசி ஆளாக எட்டு நகரங்களை நான் பார்த்திருக்கிறேன். பிராக் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் கூட்டத்துத் தங்கராசாவின் சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை. உங்களில் யாராவது எப்போதாவது ஒரு கூட்டத்தின் பின்னால் நின்று தலை எண்ணியிருந்தால் என் பாடு விளங்கும்.

டென்மார்க்கில், ஹேர்னிங் ஊரில், எங்கள் தமிழ் மூத்தோர் சங்கம் வருடத்துக்கு ஒரு நகரத்துக்குப் போகும். முன்னால் நின்று வழிகாட்டியின் ஆங்கிலத்தைத் தமிழில் சொல்வது என் மனைவி சரசு. பின்னால் நின்று ஆட்களை எண்ணுவது நான். தையல் ஆலையில் இருபத்தாறு வருடம் மெஷின் சத்தத்துக்குள் இருந்தவனுக்குப் பேசாமல் இருப்பது வசதியாகவே இருந்தது. சரசு காலமானபின் இரண்டு வருடம் சங்கம் எங்கும் போகவில்லை. மூன்றாம் வருடம் போர்த்துக்கலில் போர்ட்டோ என்று முடிவாயிற்று. யார் சொல்வது என்பதுதான் கேள்வி. நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவனல்ல. ஆனால் நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோவதைச் சிலர் கண்டிருந்தார்கள். தலைவர் அருளப்பு அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார்.

“இந்த முறை நீதான் கதைக்கிறாய். சரிவரேல்லையெண்டால் அடுத்த வருசத்திலயிருந்து டெனிஷ் கொம்பனியோட சேர்ந்து போவம். அவங்கள் காதுக்கு மெஷின் தருவாங்கள். அதுக்குள்ளால டெனிஷில சொல்லுவாங்கள்.”

எங்களில் பாதிப் பேரிடம் கடைக்கும் டாக்டருக்கும் போதுமான டெனிஷ் உண்டு. ராசாக்களின் கதைக்குப் போதுமான டெனிஷ் இல்லை. மெஷின் என்றால் வரமாட்டேன் என்று பரமேஸ்வரி அக்கா அன்றைக்கே சொல்லிவிட்டா. அவவைப் போல ஏழெட்டுப் பேர். ஆக, நான் வாய் திறப்பதில்தான் அவர்களுடைய பயணங்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

ஹேர்னிங்கின் மலை

போர்ட்டோ சரிவில் கட்டிய நகரம். ஹேர்னிங்கில் ஒரு பந்தை நிலத்தில் வைத்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். ஏறிப் பழக இடம் தேடி, கடைசியில் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் கார் நிறுத்தும் மாடிக் கட்டடம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். நாலு மாடி, நல்ல சரிவு, ஞாயிறு காலையில் கார்களும் இல்லை. பதினாறு தமிழர்கள் முதுகில் பையோடு ஏறி, மேல்தட்டில் தேத்தண்ணி குடித்து, லிஃப்டில் கீழே வருவோம். பரமேஸ்வரி அக்கா முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவ, ஒரு முழங்கால் மாற்றினவ. அவதான் முதல் ஆளாக ஏறுவா.

மூன்றாம் ஞாயிறு காவலர் ஒருவர் வந்தார். கார் எந்த மாடியில் என்று மறந்துவிட்டதா என மரியாதையாகக் கேட்டார். கார் கொண்டுவரவில்லை, போர்த்துக்கலுக்குப் போகப் பழகுகிறோம் என்றேன். அவர் எங்களைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், லிஃப்டைப் பார்த்தார்.

“ஏறுவதற்கு மூச்சிருந்தால் போதும். இறங்கிப் பழகுங்கள். முழங்கால் போவது இறக்கத்தில்தான்.”

சிவப்பு ஆள்

போர்ட்டோவில் எங்கள் வழிகாட்டி இனேஸ். முப்பது வயதிருக்கும், வேகமான நடை. முதல் நாள் காலை புகையிரத நிலையத்துக்கு முன்னால் ஒரு தெருவைக் கடக்கவேண்டியிருந்தது. விளக்கில் சிவப்பு ஆள். கண்ணுக்கெட்டிய தூரம் வாகனம் இல்லை. இனேஸ் கடந்துவிட்டாள். ஊர்ச்சனமும் கடந்தது, ஒரு பாதிரியார் உட்பட. நாங்கள் பதினாறு பேரும் கரையில் நின்றோம். அருளப்பு அண்ணை இரண்டு கையையும் விரித்து யாரும் இறங்காமல் மறித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தில் இனேஸ் கையை உயர்த்தி நிலையத்தின் வரலாற்றைத் தொடங்கியிருந்தாள். கேட்பதற்கு அவளுடைய காலடியில் ஒரு புறா நின்றது.

ஆளைக் காணவில்லை என்று கண்டதும் திரும்பி ஓடிவந்தாள். தெருவைக் கடக்கப் பயமா, உங்கள் ஊரில் வாகனங்கள் நிற்காமல் போகுமா என்று கேட்டாள். எந்த ஊரை நினைத்துக் கேட்டாளோ தெரியாது. அதிகாலை வேலைக்குப் போகும்போது ஆளேயில்லாத ஹேர்னிங் தெருவில் பச்சைக்குக் காத்து நின்ற சனம் நாங்கள் என்பதை எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அருளப்பு அண்ணை பதில் சொல்லிவிட்டார். நான் அதை ஆங்கிலமாக்கினேன்.

“பிள்ளை, நான் டென்மார்க்கில இருபத்தெட்டு வருசம் பஸ் ஓட்டினனான். சிவப்பில கால் வைச்சால், வைச்ச கால் எனக்கு நாள் முழுக்க உளையும்.”

மிச்சம் எங்கே

நிலையத்து மண்டபச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமான ஓடுகள். அவற்றில் சண்டைகள், ராசாக்கள், குதிரைகள், வயலில் கமக்காரர்கள். அந்தச் சுவரைப் பற்றி நான் மூன்று புத்தகம் படித்திருந்தேன். இனேஸ் ஐந்து நிமிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தாள். கூட்டமும் என்னைப் பார்த்தது. முதுகுகளுக்குப் பழகியவனைப் பதினைந்து முகங்கள் ஒன்றாகப் பார்த்தால் வாய் எப்படித் திறக்கும் சொல்லுங்கள்.

“இது ஓடு. கையால கீறின படம்,” என்றேன். கொஞ்சம் யோசித்து, “நீலம்,” என்றும் சேர்த்தேன்.

சரசு என்றால் வழிகாட்டி ஒரு வரி சொல்ல, அவள் ஐந்து நிமிடம் சொல்வாள். நாங்கள் அவ்வளவும் சொன்னோமா என்று வழிகாட்டிகள் அதிசயித்து நிற்பார்கள். அருளப்பு அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். காது மெஷினைத்தான் யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பரமேஸ்வரி அக்கா மெல்லப் பக்கத்தில் வந்தா.

“தம்பி, அந்தப் பிள்ளை அஞ்சு நிமிசம் கதைச்சது. மிச்சத்தை ஆருக்கு வைச்சிருக்கிறீர்?”

கதவடியில் ஒன்பது சோடி

மேட்டிலிருக்கும் பழைய தேவாலயத்துக்குள் நான் கடைசியாகப் போனேன். கதவடியில் ஒன்பது சோடி சப்பாத்துகள், நுனி வெளியே பார்க்க, வரிசையாக இருந்தன. எங்கள் சனம் கோயிலில் கழற்றும். டென்மார்க்கில் யார் வீட்டு வாசலிலும் கழற்றும். இரண்டு பழக்கமும் சேர்ந்த கால்கள் உள்ளே கற்தரையில் காலுறையோடு நடந்துகொண்டிருந்தன. பெந்தகொஸ்தே சபைக்காரரான அருளப்பு அண்ணையும் இன்னும் ஐந்து பேரும் சப்பாத்தோடு ஒரு தூணடியில் நின்று, காலுறைக்காரரோடு தங்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை என்பதுபோல் தூணை ஆராய்ந்தார்கள்.

நான் கழற்றுவதா விடுவதா என்று வாசலில் நிற்கும்போது ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தது. வரிசையைப் பார்த்தார்கள். அறிவித்தல் ஏதும் இருக்கிறதா என்று தேடினார்கள். பிறகு குனிந்து நாடாவை அவிழ்த்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். நாங்கள் வெளியே வந்தபோது பத்தொன்பது சோடி கிடந்தது. ரண்டர்ஸ் என்ற டெனிஷ் ஊரிலிருந்து எங்களோடு வந்து சேருகிற தங்கராசா தன்னுடையதைக் கண்டுபிடிக்கக் கால்மணி நேரம் பிடித்தது. இதைத் தொடங்கியது யார் என்று விசாரித்தேன். பரமேஸ்வரி அக்கா வாசற்படியில் இருந்து நாடா கட்டிக்கொண்டே சொன்னா:

“கழற்றச்சொல்லி ஆரும் சொல்லேல்லைத்தான். கழற்றாமல் வரச்சொல்லியும் ஆரும் சொல்லேல்லையே.”

திரும்பி நின்றவர்கள்

முன்னால் நின்று பேச வராது என்று தெரிந்துபோயிற்று. பின்னேரம் பழைய இடத்துக்கே போய்விட்டேன், எல்லோருக்கும் பின்னால். ஒரு பழைய மாளிகையின் முன் இனேஸ் பேசி முடித்ததும் அக்கா திரும்பி, “என்னவாம்?” என்றா. அவவுக்குச் சொன்னேன். பக்கத்தில் நின்ற தங்கராசா திரும்பினார். அவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துச் சொன்னேன். இப்படியே ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அவர்கள் என்னைப் பார்த்து நிற்க, நான் அவர்கள் தலைக்கு மேலால் மாளிகையைப் பார்த்துப் பேசினேன். முகம் எதையும் பார்க்கவேண்டியிருக்கவில்லை. எட்டு நிமிடம் போனது எனக்கே தெரியாது.

பாவம் இனேஸ். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால், தான் பேசி முடித்ததும் ஒரு கூட்டம் முழுதும் முதுகைக் காட்டிவிட்டது. அடுத்த இடத்திலும் அப்படியே. மூன்றாம் இடத்தில் சுற்றி வந்து, ஏதாவது பிழையாகச் சொன்னேனா என்று மெல்லக் கேட்டாள். என் சங்கடத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

“அப்படியென்றால் நாளைக்கு நானும் பின்னால் வருகிறேன். முன்னால் நடந்து எனக்கும் அலுத்துவிட்டது.”

தந்துவிட்டுப் போனது

இரண்டாம் நாள் அருளப்பு அண்ணை முன்னால் நடந்தார். சிவப்பு விளக்கு ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. நடு வழியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நாங்கள் என்ன சொல்கிறோம் என்று இனேஸ் கவனித்துக்கொண்டிருந்தாள். மேசை என்றோம், நாற்காலியைக் கதிரை என்றோம், ரொட்டியைப் பாண் என்றோம், அலுமாரியில் கேக் இருக்கிறது என்றோம். கேக்கைத் தவிர எல்லாம் தன்னுடைய மொழி என்றாள். அவளுடைய ஆட்கள் எங்கள் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி இருந்த கதையை நான் சொன்னேன். கேட்கவே வேண்டாம், அன்றைக்கு நான் நிறுத்தவேயில்லை. அவள் கொஞ்சம் வெட்கப்பட்டதுபோல் இருந்தது. அவளைச் சமாதானப்படுத்தத்தான் வாய் திறந்ததாக அருளப்பு அண்ணை இன்றைக்கும் சொல்கிறார்.

“பரவாயில்லைப் பிள்ளை. கதிரையைத் தந்திட்டுத்தானே போனவை. என்ன, அப்ப எங்களை அதில இருக்கத்தான் விடேல்லை.”

கடைசிப் பதினைந்து படி

மூன்றாம் நாள் மேட்டிலிருந்து ஆற்றங்கரைக்குப் படிகளால் இறங்கினோம். ஹேர்னிங் காவலர் சொன்னது சரி. இன்னும் பதினைந்து படி இருக்கும்போது பரமேஸ்வரி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டா. வலி பெரிதில்லை, ஆனால் முழங்கால் காணும், போதும் என்றுவிட்டது. மற்றவர்கள் கீழே கரையில், ஒரு சுவரில் பதித்த வெண்கலப் பலகைக்கு முன்னால் கூடிவிட்டார்கள். அதனடியில் மெழுகுதிரிகள் எரிந்தன. அருளப்பு அண்ணை கீழேயிருந்து எனக்குக் கை காட்டினார். கடைசி ஆளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு, உட்கார்ந்தவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது. கீழே போகாவிட்டால் அடுத்த வருடம் மெஷின். “நீர் போம்,” என்றா அக்கா. நான் அவவுக்குப் பக்கத்தில் படியில் இருந்துவிட்டேன்.

அது என்ன பலகை என்று கேட்டா. தாழ்ந்த குரலில் சொன்னேன். இருநூறு வருடத்துக்கு முன்னால் வேற்றுநாட்டுப் படை ஊருக்குள் வந்தது. சனம் ஆற்றைக் கடந்து தப்ப ஓடியது. அன்றைக்குப் பாலம் என்றால் வள்ளங்களை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டதுதான். எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள். பாலம் தாங்கவில்லை. அந்தச் சனத்துக்குத்தான் இன்றைக்கும் திரி கொளுத்துகிறார்கள். அக்கா ஆற்றைப் பார்த்தா. எங்கள் கூட்டத்திலும் வள்ளமேறித் தப்பியவர்கள் இருந்தார்கள், அவவும் ஒருத்தி.

“ஓடுற சனத்துக்கு எந்த ஊரிலயும் பாலம் காணாது,” என்றா. “எனக்கு மட்டும் சொல்லாதையும். கத்திச் சொல்லும், அவைக்கும் கேக்கட்டும்.”

கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே புதினம். இரண்டு பக்கச் சுவரும் அதை அப்படியே கீழே கொண்டுபோயின. பதினாலு பேரும் ஆற்றை விட்டுத் திரும்பி மேலே பார்த்தபடி நின்றார்கள். தங்கராசா தொப்பியைக் கழற்றினார். திரி கொளுத்துவதில் நம்பிக்கையில்லாத அருளப்பு அண்ணை, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடி நின்றார். அப்போது எங்கள் தலைக்கு மேலே ஒரு சன்னல் திறந்தது. கையில் ஈரத் துணியோடு ஒரு பெண் எட்டிப்பார்த்துப் போர்த்துக்கீசில் ஏதோ சொன்னாள். நான் எழுந்து மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். இனேஸ் கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

“சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒன்றும் விளங்கவில்லையாம், ஆனால் உடுப்புக் காயப்போட்டு முடியும்வரை சொல்லட்டுமாம்.”

ஹேர்னிங் மண்டபத்தில்

திரும்பி வந்து இரண்டு கிழமையில் சங்கக் கூட்டம். கோப்பி, கேக், ரோல்ஸ். அருளப்பு அண்ணை டெனிஷ் கொம்பனியின் தாளை எடுத்து வாசித்தார். பஸ், ஹோட்டல், காது மெஷின், எல்லாம் இருந்தது. மெஷினில் ஒரு வசதி, வேண்டாமென்றால் நிற்பாட்டலாம் என்று தங்கராசா சொன்னார். இவரை இரண்டாம் நாளுக்குப் பிறகு நிற்பாட்ட முடியவில்லையே என்று பின் வரிசையிலிருந்து யாரோ என்னைக் காட்டிச் சொல்ல, மண்டபம் சிரித்தது. எனக்கு நல்லதா கெட்டதா என்று தெரியாத சிரிப்பு. பரமேஸ்வரி அக்கா கையை உயர்த்தினா.

“உந்த மெஷின் படியில எனக்குப் பக்கத்தில இருக்குமோ?”

அருளப்பு அண்ணை தாளை மடித்துக் கேக் தட்டுக்குக் கீழே வைத்தார். வேறு யாருக்கும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஒருவருக்கும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வருசமும் நீதான். சரசு இருந்திருந்தால், இந்தத் தொண்டையை இவ்வளவு காலமும் எங்க ஒளிச்சு வைச்சிருந்தனியெண்டு உன்னை வீட்டுக்குள்ள விட்டிருக்கமாட்டாள்.”

இருபத்தாறு வருடம் ஆலையில் வாய் திறக்காமல் சேர்த்த நல்ல பெயரை, மூன்று நாள் நடையில் நான் இப்படிக் கெடுத்துக்கொண்டேன்.