ஜாடிக்குள் இரண்டு பருக்கை

காலை ஆறு இருபது. ஊறுகாய் ஜாடியின் வாயில் கட்டியிருந்த துணியை மனைவி அவிழ்த்ததும் முதலில் தெரிந்தது, எண்ணெய்க்கு மேல் வெள்ளையாகப் படர்ந்திருந்த பூஞ்சை. அடுத்து என் கண்ணில் பட்டவை, ஜாடியின் உள்விளிம்பை ஒட்டிக் கிடந்த இரண்டு சோற்றுப் பருக்கைகள். மனைவி அப்போது கண்ணாடி போட்டிருக்கவில்லை. போன ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்தது இது.

எங்களுக்குக் கொஞ்சம் மாமரங்கள் உண்டு. சித்திரையில் காற்று அடித்தால் பாதிக் காய் தரையில்தான் கிடக்கும். அடிபட்ட காயை மண்டியில் தொடமாட்டார்கள். முன்பெல்லாம் அது தோப்பிலேயே அழுகி ஈ மொய்க்கும். மனைவிக்கு அது பொறுக்கவில்லை. சில வருடங்களாக ஒரு காய் விடாமல் பொறுக்கி வந்து, அடிபட்ட இடத்தைச் செதுக்கிவிட்டு, வற்றலாகவும் ஊறுகாயாகவும் ஆக்கிவிடுகிறாள். எதுவும் வீணாகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கினால்கூட விசாரணை உண்டு.

அன்றும் விசாரணை தொடங்கியது. ஓசூரில் வேலை பார்க்கும் மகனும் மருமகளும் வாரக் கடைசிக்கு வந்திருந்தார்கள். முந்தின வாரம் மருமகள் இதே ஜாடியிலிருந்து ஒரு பாட்டில் நிரப்பிக்கொண்டு போயிருந்தாள். அதே வாரம், மாதவிலக்கு என்று சொல்லிக் கோயிலுக்கும் வராமல் இருந்தாள். மனைவி இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டாள்.

“ஏம்மா, வூட்டுக்குத் தூரம்னா ஜாடியத் தொடக்கூடாதுன்னு உங்க வூட்ல சொல்லித் தரலையா?”

“காஞ்ச கரண்டியிலதான் எடுத்தேன் அத்தை.”

“கரண்டி காஞ்சிருந்தா ஆச்சா? கை யாரு கை?”

மருமகள் ஜாடிக்குள் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் காபியைப் பார்த்தேன்.

ஏனென்றால், அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு புதன்கிழமை மதியம் மனைவி பென்னாகரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாள். நான் தனியாகத் தயிர்சோறு சாப்பிட உட்கார்ந்தேன். குழாயில் கழுவிய கரண்டியை இரண்டு உதறு உதறி ஜாடிக்குள் விட்டேன். தட்டில் அதிகமாக விழுந்துவிட்டது. சாப்பிட்டு முடித்தபோது நாலு துண்டு மிச்சம். கொட்டினால் வீண். தட்டோடு வழித்துத் திரும்ப ஜாடியிலேயே போட்டேன். சிக்கனமாக நடந்துகொண்டோம் என்று ஒரு திருப்தி வேறு.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே, ‘நான்தான் கெடுத்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டேன். வேலி ஓரம் குழி வெட்டி, ஜாடியில் இருந்த அத்தனை ஊறுகாயையும் கொட்டி மூடினேன். ஞாயிறு மாலை அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன்.

அவள் நம்பவில்லை.

“மருமகளுக்கு வக்காலத்து வாங்குறீங்களா? ஒரு ஈரக் கரண்டிக்கு அவ்ளோ பெரிய ஜாடி கெட்டுடுமா?”

பருக்கையைப் பற்றிச் சொன்னேன். அப்படி எதுவும் இல்லை என்றாள். கண்ணாடி போடாமல் பார்த்தாய் என்றேன். அதற்குத் தனியாக ஒரு சண்டை. சரி, கண்ணெதிரே காட்டிவிடலாம் என்று, இன்னொரு ஜாடியிலிருந்து இரண்டு சின்ன பாட்டில்களில் ஊறுகாய் எடுத்தேன். ஒன்றை அப்படியே மூடினேன். இன்னொன்றில் ஈரக் கரண்டியை விட்டுக் கிளறி, தயிர்சோறும் கொஞ்சம் சேர்த்தேன். எட்டாம் நாள் இரண்டாவது பாட்டிலில் பூஞ்சை பூத்தது. மனைவி இந்த முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது பாட்டிலு. அது ஜாடி,” என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் சுவரில் முட்டிக்கொள்ளலாமா என்று நிஜமாகவே தோன்றியது.

மருமகளுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். நான் முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டாள்.

“தெரியும் மாமா. அதுக்கு முந்தின வாரம் பாட்டில்ல போடறப்பவே சோறு கிடந்ததப் பாத்தேன். அத்தை முன்னால உங்களக் கை காட்டச் சொல்றீங்களா?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் வாயை மூடிக்கொண்டது எனக்காக. நான் மூடிக்கொண்டதும் எனக்காகத்தான். சோற்றுக்கு ஊறுகாய் எடுக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

மகனும் மருமகளும் இப்போதும் வாரக் கடைசியில் வருகிறார்கள். ஞாயிறு மாலை பஸ் ஏறும் முன் மருமகள் கடையில் ஊறுகாய் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் இந்த வருடம் மூன்று ஜாடி நிறைய ஊறுகாய் இருக்கிறது.