காபி சாப்பாட்டில் சேர்த்தியா?

போன செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் முடிந்து லோக்கல் ரயிலில் வந்து திலக் நகரில் இறங்க வேண்டிய என் மனைவி ஜெயா பன்வேலில் இறங்கினாள். அது கடைசி ஸ்டேஷன் என்பதால் அங்கேயாவது இறங்கினாள். ரயில் இன்னும் போயிருந்தால்... தூக்கத்தில் அவளும் போயிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜினாமா கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலை. உட்கார்ந்தா தூக்கம், நின்னா கால் வலி. யார்கிட்டயும் பேச்சு வாங்காம, கௌரவமா வெளில வந்துடறேன்" என்றாள்.

இருபத்தாறு வருட வேலை. அவளுக்கு அது உயிர்.

தைராய்டு என்று தெரிந்து நாலு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். அப்புறமும் ஏன் இப்படி? அப்போதே ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு, பி12-ம் குறைவு. தைராய்டு உள்ளவர்களுக்கு இப்படி இருப்பது சகஜமாம். எதனால் எது வந்தது என்று கேட்டால் டாக்டர்களே கொஞ்சம் இழுக்கிறார்கள்.

எங்கள் பில்டிங்கில் யாரும் இழுக்கவில்லை. தினமும் வெயிலில் நிற்கச் சொன்னார் செக்ரட்டரி — மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான், அதை மட்டும் தரவில்லை. பி12-க்கு முட்டைதான் மருந்து என்றார் மூன்றாம் மாடி மாமி. அதுவும் லிஃப்ட் கதவு மூடிய பிறகு, காதோடு காதாக. எதிர்வீட்டுக்காரரோ எல்லாம் மனப்பிரமை என்று முடித்துவிட்டார். அவருக்கு வந்தால் தெரியும்.

சனிக்கிழமை டாக்டரிடம் போனோம். மராட்டிக்கார அம்மாள். மாத்திரையின் அளவைக் கூட்டப் பேனாவை எடுத்தவர், தினமும் 'காலி பேட்'தானே, வெறும் வயிற்றில்தானே என்று ஹிந்தியில் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, கூடவே கால்சியம் கலந்த வைட்டமின் மாத்திரை, இரண்டையும் நானே அவள் உள்ளங்கையில் வைப்பேன். விழுங்குவதற்கு ஃபில்டர் காபியும் நானே போட்டுக் கொடுப்பேன். பெருமையாகவே சொன்னேன்.

பேனா நின்றது. "காபியா?"

காபி சாப்பாட்டில் சேர்த்தியில்லை, எங்கள் வீட்டில் ஏகாதசி உபவாசத்துக்கே உண்டு என்று விளக்கினேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

காபியும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும். காபிக்கு ஒரு மணி நேரம், கால்சியத்துக்கு நாலு மணி நேரம் இடைவெளி. அளவைக் கூட்டவில்லை. ஆறு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட்.

தலைவலிக்குக் காபியை மருந்தாகக் குடித்து வளர்ந்த கூட்டம் நாம். மருந்துக்கே அது தலைவலியாகும் என்று யார் கண்டது? நாலு மாதமாக அவள் வியாதியோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். நான் வியாதியின் பக்கம் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அன்பாகச் செய்கிற காரியத்தை நம்மில் யார்தான் சந்தேகப்படுகிறோம், சொல்லுங்கள்?

வீட்டுக்கு வந்ததும் ஜெயா ராஜினாமா கடிதத்தை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மடித்து, காபிப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

"ஆறு வாரம் பார்க்கறேன். அப்பவும் சரியாகலைன்னா குடுத்துடுவேன். அதுல 'காரணம்'ங்கற இடம் மட்டும் இன்னும் காலியா இருக்கு... உங்க பேரை எழுதிடட்டுமா?"