கண்மாய்க்குள் ஓர் இதயம்

சென்ற வாரம் அருப்புக்கோட்டையில் மருத்துவர் ஒருவர் என் மார்பில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியொன்றை அழுத்தி, திரையைக் காட்டினார். சிவப்பும் நீலமுமாக ஏதோ பொங்கிப் பொங்கி அடங்கியது. "ரத்தம் சரியான பக்கந்தான் போகுதுங்க ஐயா" என்றார். நண்பரே, அந்நேரம் போர்வைக்குள் என் கால்விரல்கள் தாமாக அசைந்தன. ரத்தம் போகும் அவ்வழியில் என்னை நடத்திக் காட்டியவனை நினைத்தேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் முதலில் எழுந்தது பொறாமைதான்.

எண்பதுகளின் தொடக்கம். திருச்சுழிக்கு அருகே எங்கள் ஊர். பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வுக்கு முந்தைய விடுமுறையில், வற்றிக் கிடக்கும் கண்மாயே எங்கள் படிப்பறை. காய்ந்து இறுகிய வண்டல் தரையில் கருவேலங்குச்சியால் படம் கீறி, அதன்மேல் நடந்து நடந்து மனனம் செய்வோம். கிழக்கே இந்திய வரைபடம். அதன் கோதாவரியில் நீர் பாய்ச்சிய பெருமை எங்களில் ஒருவனுக்கு உண்டு. பாய்ச்சிய முறையை இங்கே எழுதுதல் நாகரிகமன்று. வரலாற்றுக்குக் கற்கள். பானிப்பட்டுப் போர்கள் மூன்றுக்கும் மூன்று கற்கள். இரண்டாவதில் நான் தவறாமல் இடறுவேன்.

உயிரியலுக்கு இதயம். சவரிமுத்து வரைந்த இதயம் நெற்களம் அளவு பெரியது. கிணறு வெட்டுபவரின் மகன் அவன். என்னிடம் மதுரையிலிருந்து தந்தையார் வாங்கி வந்த புத்தம்புது உரைநூல் இருந்தது. அவனிடம் அட்டை கிழிந்த பாடநூல் ஒன்றே. ஆயினும் பள்ளியின் முதலிடம் எப்போதும் அவனுக்கு, இரண்டாமிடம் எனக்கு. அரசுத் தேர்விலேனும் அவனை முந்திவிட வேண்டுமென்பதே அந்நாளில் என் ஒரே வேட்கை.

நானும் ஓர் இதயம் வரைந்தேன். அது கத்தரிக்காய்போல் அமைந்தது. ஆடு மேய்க்கும் ராக்கம்மாள் நாள்தோறும் மந்தையை அவ்வழியே ஓட்டி வருவார். அவனுடைய கோட்டருகே வந்ததும் கம்பை உயர்த்துவார்.

"ஏய், அங்கிட்டுப் போ! சவரி நெஞ்ச மிதிச்சுப்புடாத!"

ஆடுகள் விலகி, என் இதயத்தின்மீது நடந்து போகும். சில அங்கேயே புழுக்கையும் இடும்.

பொறுக்கவில்லை. ஒரு நண்பகல், அனைவரும் உண்ணச் சென்றபின், அவனுடைய படத்தில் வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் அம்பை அழித்து, நேரே உடலுக்குச் செல்லுமாறு திருப்பிவிட்டேன். அவன் அதையே மனனம் செய்வான், தேர்வில் தவறுவான். என் கணக்கு அதுவே.

மாலையில் சவரிமுத்து நடக்கத் தொடங்கினான். அவன் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவன் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கால்கள் பிசகாமல் நுரையீரலுக்குள் சென்று நின்றன. கண் திறந்து குனிந்து பார்த்தான்.

"ஏலே, அம்பு திரும்பிக் கெடக்கு. ஆடு மிதிச்சிருக்குமோ?"

"ஆமா, ரெண்டு காலு ஆடு," என்றார் மந்தையை ஓட்டி வந்த ராக்கம்மாள். "மத்தியானம் தனியா வந்துச்சு. சட்டையெல்லாம் போட்டிருந்துச்சு."

பையன்கள் சிரித்தனர். சவரிமுத்து மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தான்.

"சுத்தம் பண்ணாத ரத்தம் ஒடம்புக்குப் போனா ஆளு பொழைப்பானாலே? வா, நடந்து பாரு."

பின்னால் நின்று என் தோள்களைப் பற்றி நடத்தினான். "இங்கிட்டு. இப்ப நுரையீரலு. மூச்ச இழு. இப்ப அங்கிட்டு." இருட்டும்வரை விடவில்லை. அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

தேர்வில் இதயமே வந்தது. மேசைக்கடியில் கால்களை நகர்த்தி நகர்த்தி எழுதினேன், ஒரு பிழையுமில்லை. அவன் முதலிடம், நான் இரண்டாமிடம். என் விடையிலும் அவன் அடிகளே நடந்திருந்தன என்பதால் பொறாமை தணியவில்லை, வளர்ந்தது.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி, இந்தியாவும் இதயமும் கரைந்தன. சவரிமுத்து கிணறு வெட்டும் தந்தையோடு வெளியூர் போனான், பின்னர்த் தகவலில்லை. இன்று கண்மாய் முழுதும் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. வெறுங்காலோடு இரண்டடி வைக்க இயலாது. ராக்கம்மாளும் இல்லை, மந்தையும் இல்லை.

ஒரேயொரு நாள் அந்த அம்மாள் என் கத்தரிக்காயைச் சுற்றியும் ஆடுகளை ஓட்டியிருக்கலாம்.