நூறில் நின்ற முள்

ஓடிக் களைத்த காலை அமுக்கிவிடும் 'பூட்ஸ்' என்கிற காற்றுக் காலுறைக்குள் முதலில் தன் கையை நுழைத்து, ஜிப்பை மேலே இழுத்து, பொத்தானைத் தட்டுகிறார் பூட்ஸ் அண்ணன். உஸ்ஸென்று காற்று ஏறிக் கையைக் கவ்வுகிறது, விடுகிறது, மறுபடி கவ்வுகிறது. மூன்று சுற்று பொறுத்து, அழுத்தம் காட்டும் முள்ளையும் ஒரு பார்வை பார்த்த பிறகுதான் வீரர்களின் காலுக்கு அனுமதி.

"நாளைக்கு ஓடப்போறது உங்க கையா அண்ணே?" என்று பயிற்சி மையமே கேலி செய்கிறது.

"வாயை மூடிட்டுக் காலை நீட்டு" என்பார்.

கெண்டைக்காலைத் தொட்டே யார் பயிற்சிக்கு டிமிக்கி கொடுத்தது என்று சொல்லிவிடுகிற மனிதர். வீட்டில் மனைவி களைத்துப்போய்க் காலை நீட்டினால்கூட, "இன்னிக்கு நடக்கவே இல்லையா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்.

இந்தக் கைப் பரிசோதனை போன வருஷம்தான் வந்தது. தேர்வு ஓட்டத்துக்கு முந்தின நாள், குண்டு எறிகிற தடியர் ஒருவருக்கு முள்ளை நூறில் வைத்திருந்தார். அடுத்து வந்தவள் நெடுந்தூரம் ஓடுகிற ஒல்லிப் பெண். அவளுக்கு அறுபதே அதிகம். மாற்ற மறந்துவிட்டார்.

"அண்ணே, ரொம்ப இறுக்குது. விரல் மரத்துப் போகுது."

"இறுக்கினாத்தாம்மா வேலை செய்யும். பேசாம படு."

முள்ளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பெரிய மேதாவி! மறுநாள் அவள் இடது பாதம் தூக்கமாட்டாமல் இழுத்தது. மூவரைத்தான் எடுப்பார்கள், நான்காவதாக வந்தாள். "உனக்கு மனசுல தெம்பு இல்ல" என்று பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் திட்ட, அவள் தலைகுனிந்து நின்றாள். இரண்டடி தள்ளித் துண்டோடு நின்ற இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் "அண்ணே" என்று கூப்பிடும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசுகிறது.

நாளை மறுபடி தேர்வு. இன்று மாலை அவள் படுத்துக் காலை நீட்டினாள். அவர் கையை விட்டுச் சோதிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"எனக்குச் சும்மா போடுங்கண்ணே. கோளாறு மெஷின்ல இல்ல, என் மனசுலதான். கோச்சே சொல்லிட்டாரே."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா. கோளாறு என்கிட்ட. அன்னிக்கு நூறுல விட்டுட்டேன். நீ சொல்லியும் கேக்கல."

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமா என்னையே நான் திட்டிக்கிட்டேன்ணே. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க."

அவள் இறங்கி, வெறுங்காலோடு போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பயிற்சியாளரின் அறையில் விளக்கு எரிந்தது. பூட்ஸ் அண்ணன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைக் கடந்து அந்த அறையை நோக்கி நடந்தார்.