நீல வெளிச்சத்தில் காணாமல் போனது

திரையில் அது கடுகளவுதான் இருந்தது. பெருங்குடலின் ஒரு மடிப்போரம், சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் லேசான மேடு. டாக்டரம்மா எண்டோஸ்கோபிக் குழாயின் கைப்பிடியிலிருந்த பொத்தானை அழுத்தினார். திரை நீலப்பச்சையானது, மேட்டைக் காணவில்லை. மறுபடி வெள்ளை. இருந்தது. மறுபடி நீலம். இல்லை. பக்கத்தில் நின்ற நான் என் கண்ணையே சந்தேகித்தேன்.

அப்போது திருப்பூரில் ஒரு சின்ன மருத்துவமனையின் எண்டோஸ்கோபி அறையில் நான் நர்ஸ். மேசையில் மயக்கத்தில் படுத்திருந்தவர் நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் துணியின் கலரைச் சரிபார்க்கும் மேனேஜர். அவருடைய அப்பா குடல் புற்றுநோயில் இறந்தவர். அந்தப் பயத்தில், ஒரு தொந்தரவும் இல்லாதபோதே பரிசோதனைக்கு வந்திருந்தார்.

சற்று முன்புதான் அவர் குடலில் முளைத்திருந்த இன்னொரு சதையை, டாக்டர்கள் பாலிப் என்பார்களே அதை, எடுத்திருந்தோம். அது செக்கச்செவேலென்று இருந்து, நீலத்தில் பழுப்பேறி, பார்த்தவுடனே பயமுறுத்தியது. இந்தக் கடுகோ சுற்றியிருந்த சதையோடு கலந்துவிட்டது. நீலத்தில் அப்படி வெளிறித் தெரிந்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை என்று டாக்டரம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, "சிஸ்டர், சாயம் கொடுங்க" என்றார். சாயத்தைத் தெளித்ததும் மேட்டின் ஓரங்கள் கோணல்மாணலாகத் தெரிந்தன. "ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணு சொல்லுதே" என்று முணுமுணுத்தவர், வெள்ளைக்கும் நீலத்துக்கும் இன்னொரு முறை மாற்றிப் பார்த்தார். பிறகு எடுத்துவிட்டார்.

மயக்கம் தெளிந்த மேனேஜரிடம் டாக்டரம்மா படங்களைக் காட்டினார்.

"எங்க கம்பெனிலயும் லைட்ட மாத்துனா ஒரே துணி வேற கலராத் தெரியுமுங்க" என்றார் அவர். "துணி வாங்கற பையர் சொல்ற லைட்டுதான் எங்களுக்குக் கணக்கு. இங்க எதைங்க நம்பறது?"

"லேப் ரிப்போர்ட் வரட்டுங்க."

ரிப்போர்ட் வந்தபோது எல்லாம் தலைகீழாக இருந்தது. பயமுறுத்திய சிவப்புச் சதை சாதுவானது. விட்டிருந்தால் பின்னாளில் புற்றாக மாறியிருக்கக்கூடியது அந்தக் கடுகுதான்.

"அப்ப எதை நம்பிங்கம்மா அதை எடுத்தீங்க?" என்றார் ரிப்போர்ட் வாங்க வந்திருந்த மேனேஜர்.

"எதையும் நம்ப முடியலீங்க. அதனாலதான் எடுத்தேன்."

மேனேஜர் சந்தோஷப்படுவார் என்று நான் காத்திருந்தேன். அவரோ தலையைக் குனிந்தபடி, "எங்கப்பாவுக்கும் இப்படிக் கடுகாத்தான் இருந்திருக்குமுங்களா?" என்று கேட்டார்.  அவர் போன பிறகும் டாக்டரம்மா அந்தப் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதே மாதிரி வெளிறினதை இதுக்கு முன்னாடி விட்டிருக்கேன் சிஸ்டர்" என்றார்.  அவை எல்லாமே சாதுவாகவும் இருந்திருக்கலாம்.

இப்போது வேறொரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறேன். இங்கே கம்ப்யூட்டரே பாலிப்பைக் கண்டுபிடித்துப் பச்சைக் கட்டம் போடுகிறது. சில சமயம் வெறும் நுரைக்கும் போடும். போன மாதம் அந்த மேனேஜர் தாராபுரத்திலிருந்து தன் தம்பியைக் கூட்டிவந்திருந்தார். தம்பியின் குடலில் ஓரிடத்தில் கட்டம் ஒரு நொடி தோன்றி மறைந்தது. பரிசோதித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் அந்த இடத்தை விட்டுவிட்டுக் குழாயை மெல்லப் பின்னுக்கு இழுக்க ஆரம்பித்தார். அங்கே எதையாவது பார்த்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

"டாக்டர், இன்னொரு தடவ பாத்துடலாங்களா?" என்றேன்.