எல்லாருக்கும் போன படம்

சக கேமராக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'பொதுச்சொத்து'. அமைச்சர்கள் வரும் இடங்களில் எல்லா கேமராவுக்கும் இடம் போதாது என்று அதிகாரிகள் கையை விரித்துவிட்டால் ஒரே ஒரு கேமராமேன்தான் உள்ளே போவார். அவர் எடுப்பதை எல்லா சேனல்களும் பகிர்ந்துகொள்ளும். முறை வைத்துத்தான் ஆள் போகும் என்றாலும், கை நடுங்காத, வாய் திறக்காத மனுஷன் என்பதால் பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். உள்ளே போகிறவர் கேள்வி கேட்கக்கூடாது, குறுக்கே போகக்கூடாது, எடுத்ததில் எதையும் ஒளிக்கக்கூடாது. அவர் ஒருநாளும் மீறியதில்லை.

சாயப் பட்டறையில் கொதிகலன் வெடித்தது. வெந்துபோய்க் கிடந்தவர்களில் அவருடைய அக்கா புருஷனும் ஒருவர். மறுநாள் அமைச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டுக்குள் ஒரு கேமராதான் என்றார்கள். அன்றைக்கு முறை வேறு ஒருவருடையது. மாமாவை ஒரு கண் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று இவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அமைச்சர் ஒரு குழந்தையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது, அக்கா எழுந்து எதிரே நின்றாள்.

"கொதிகலன் கசியுதுன்னு எங்க வீட்டுக்காரர் மனு கொடுத்தாரு ஐயா. அதுக்கப்புறமும் பட்டறைய ஓட்ட விட்டது யாரு?"

அமைச்சர் காது கேட்காதவர் போல விலகிப் போனார். காவலர்கள் அக்காவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"டேய், நீயாவது கேளுடா."

அவர் கேட்கவில்லை. அவள் கதவைத் தாண்டும்வரை அந்த முகத்தை விடாமல் படம் பிடித்தார். ஊரே பார்க்கப்போகிறது, இதைவிடத் தன் வாயால் என்ன கேட்டுவிட முடியும் என்று நம்பினார்.

அன்று எந்த சேனலைத் திருப்பினாலும் அமைச்சர் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அக்கா எதிலும் இல்லை. அவர் தன் செய்தி ஆசிரியரிடம் போய் நின்றார்.

"எல்லார்கிட்டயும் இருக்கிற படம்ப்பா. நாம மட்டும் போட்டா நாம மட்டும் மாட்டிக்குவோம். வேற யாராவது போடட்டும், பின்னாலயே போட்டுடலாம்."

வெட்கத்தை விட்டு, இன்னொரு சேனலில் இருந்த பழைய நண்பருக்குப் போன் செய்தார்.

"எடுத்தது நீ. உங்க சேனலே போடலை, எங்களை எதுக்குக் கோத்துவிடுற?" என்றார் நண்பர்.

யார் வீட்டிலும் இல்லாத பொருளாக இருந்திருந்தால் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள். எல்லார் வீட்டிலும் இருந்ததால் ஒருவரும் எடுக்கவில்லை.

மாமா பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு அக்கா கேட்டாள்.

"உள்ள இருந்த ஒரே ஆளு நீதானே?"

"ஒண்ணு விடாம எடுத்தேன்க்கா. எல்லாருக்கும் அனுப்பினேன்."

"அப்புறம் ஏன்டா யாருமே பாக்கல?"

ஆசிரியர் சொன்னதை அவர் சொல்லத் தொடங்கினார். பாதியில் தன் காதுக்கே அது கேவலமாகப் பட்டது, நிறுத்திக்கொண்டார்.

"வேத்தாளா இருந்தா மனசு ஆறிடும்டா. என்னை இழுத்துட்டுப் போறத நீ அசையாம நின்னு எடுத்த பாரு, அதுதான் ஆறல."

அதற்குப் பிறகு உள்ளே போகச் சொன்னால் முடியாது என்றுவிட்டார். யாரும் காரணம் கேட்கவில்லை. வேறு ஒருவர் போனார். அக்கா வீட்டு நல்லது கெட்டதுக்கு இன்னும் தவறாமல் போகிறார். உட்காரச் சொல்கிறாள், தண்ணீர் கொடுக்கிறாள். முகம் கொடுத்துப் பேசுவது மட்டும் இல்லை.